கரி பஸ் தின்ற விதை மல்லாட்டை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் கரி பஸ்ஸின் வயிற்றில் கோதண்டபாணி அரை மூட்டை விதை மல்லாட்டையை, அதாவது விதைக்கு வைத்த வேர்க்கடலையை, கொட்டி எரித்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் எங்கேயாவது பிசகியிருக்கும். அவன் கை ராசி அப்படி.

அது யுத்த காலம். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. ஊரில் ஓடிய பஸ்களின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டிவிட்டார்கள். அதில் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டினால் வாயு வரும். அந்த வாயுவைக் குடித்துத்தான் எஞ்சின் ஓட வேண்டும். பீப்பாயின் அடியில் ஒரு கைப்பிடிச் சக்கரம் உண்டு. பஸ் கிளம்புவதற்கு முன்னால் யாராவது ஒரு ஆள் அதைத் தோள்பட்டை கழலும்வரை சுற்றிக் காற்று அடிக்க வேண்டும். அப்போதுதான் கரி கனலும், எஞ்சின் இருமும், டிரைவர் மனது வைத்தால் வண்டி நகரும்.

அந்த யாராவது ஒரு ஆள்தான் கோதண்டபாணி. பேருக்குக் கிளீனர். மற்ற பஸ்களில் மீசை முளைக்காத பிள்ளைகள் பார்க்கிற வேலை. இவனுக்குக் காதோரம் நரை இறங்கியிருந்தது.

அதற்கு முன் அவன் பார்க்காத வேலை இல்லை. மல்லாட்டை மண்டியில் எடை போட்டான், சோடா விற்றான், கூத்து மேடைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தான். எல்லாவற்றையும் விட்டான், அல்லது அவை அவனை விட்டன. ஒன்று போனால் ஒருநாள்கூட வருத்தப்பட்டதில்லை. ஆனால் அவ்வப்போது, சாப்பிட்டுக் கை கழுவும்போது, 'நாம் எதற்காகப் பிறந்தோம்?' என்றொரு சந்தேகம் வந்து நிற்கும். மயிலம் மலையடியில் ஒரு சாமியாரிடம் கேட்டுப் பார்த்தான். அவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்துவிட்டு, "கொட்டப்பாக்கு இருக்குதா?" என்றார். பெண்சாதி தையல்நாயகியிடம் கேட்டதற்கு, "இத்தக் கேட்டுக்கினு குந்தறதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் கழனிக்குப் போய்விட்டாள். நேரான பதில் யாரிடமும் கிடைக்கவில்லை.

பஸ்ஸுக்கு வந்ததில் அவனுக்குப் பிடித்திருந்தது ஒன்றுதான். சக்கரம் சுற்றும் நேரமெல்லாம் ஜனங்கள் எங்கும் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவன் பேசுவான், அவர்கள் சிரிப்பார்கள். கூத்து மேடையில் திரைக்குப் பின்னால் நின்றவனுக்கு இங்கே கொட்டகையே சொந்தம்.

அன்று ஆடி மாதத்துச் சனிக்கிழமை. வீரம்மாள் என்கிற அம்மாள், தாய்வீட்டில் வாங்கிய விதை மல்லாட்டை மூட்டையோடு வந்தாள். கூரைமேல் இடமில்லை என்று கண்டக்டர் அரங்கநாதன் அதைப் பின்னால், பீப்பாய்ப் பக்கம் சாத்திவைக்கச் சொன்னான். அங்கே ஏற்கெனவே இரண்டு கரிமூட்டை. அதே அழுக்குச் சாக்கு, அதே பனைநார்க் கட்டு. வீரம்மாள் மூட்டையைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

கோதண்டபாணி அப்போது பத்திர ஆபீஸ் குமாஸ்தா தும்முவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸே குலுங்கியது. சிரிக்காமல் இருந்தது லூர்துமேரி மட்டும்தான். மாதம் ஒருமுறை அந்த வண்டியில் போகிறவள். முன்னால் இடம் காலியாக இருந்தாலும் கடைசி வரிசையில், பீப்பாய்ச் சூடு முதுகில் அடிக்கிற மூலையில்தான் உட்காருவாள். மடியில் எப்போதும் ஒரு துணி மூட்டை. இன்றைக்கு இவளையும் சிரிக்கவைத்துவிடுவது என்று, கழுத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்த மூட்டையை அவிழ்த்துப் பீப்பாயில் கவிழ்த்தான். கடகடவென்று விழுந்தது. 'இன்றைக்குக் கரி லேசாக இருக்கிறதே' என்று தோன்றியது. முதலாளி நல்ல கரியாக வாங்கியிருக்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, பீப்பாய் நிரம்பியதும் மிச்சத்தைக் கட்டிவைத்தான். லூர்துமேரி அப்போதும் சிரிக்கவில்லை.

முண்டியம்பாக்கம் தாண்டியதும் வாசனை கிளம்பிற்று.

"எங்கியோ மல்லாட்டை வறுக்கறாங்கப்பா" என்றார் ஒரு பெரியவர்.

"ஒரு மைலா வறுத்துக்கினே வர்றாங்க? வண்டி கூடவே வருதே வாசனை!"

வீரம்மாள் மூக்கை உயர்த்தி ஆழ்ந்து இழுத்தாள். "நல்ல மல்லாட்டை" என்று தீர்ப்புச் சொன்னாள். "வாசனையிலயே தெரியுது. இந்த மாதிரி மணியா இருக்கணும். நான்கூட எங்கம்மா வூட்லேருந்து..."

விக்கிரவாண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு புளியமரத்துக்கு எதிரே, பஸ் மூன்று தடவை விக்கியது. பிறகு நின்றது.

டிரைவர் வெங்கடாசலம் இறங்கினார். அவர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத மனிதர். "வண்டி போவுமா?" என்றால் "போனா போவும்." "மழை வருமா?" என்றால் நனைந்துகொண்டே "பாக்கலாம்" என்பார். கரி பஸ் ஓட்டுகிறவன் எதற்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் பீப்பாய் மூடியைத் திறந்து, இரும்புக் கம்பியை விட்டுத் துழாவி, எதையோ வெளியே தள்ளினார். கீழே விழுந்ததை ஊதி, உடைத்து, வாயில் போட்டு மென்றார்.

"இன்னாண்ணே?" என்றான் கோதண்டபாணி.

"கரி மாதிரி தெரியல."

ஜன்னல் வழியாகப் பார்த்த வீரம்மாள் இறங்கி ஓடிவந்தாள். கட்டி வைத்திருந்த சாக்கைப் பிரித்தாள். பாதிதான் இருந்தது.

"ஐயையோ, என் வெதை! பாவி மனுசா, என் வெதையையா அடுப்புல போட்ட? வழியெல்லாம் மோந்துகினு வந்தனே, நல்லா இருக்குதுன்னு வேற சொன்னனே!"

பஸ்ஸிலிருந்து ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். வீரம்மாள் வைது தீர்த்திருந்தால் கோதண்டபாணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வசவு வாங்கிப் பழகியவன். அவள் இரண்டு வசவோடு நிறுத்திவிட்டு, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஈரத்துல வெதைக்கலன்னா அவ்ளோதான். நெலம் சொம்மா கெடந்தா வேற ஆளுக்குக் குத்தகைக்கு வுட்டுடுவாங்க. அலைஞ்சி கேட்டு வாங்கினு வந்தேன். எங்கியும் வெதை இல்லப்பா இந்த வருசம்."

"யம்மா, உங்க மல்லாட்டை குடுத்து வச்சது. மத்ததெல்லாம் செக்குக்குத்தான் போவும், இது பஸ்ஸே ஓட்டிச்சி" என்றான் கோதண்டபாணி.

யாரும் சிரிக்கவில்லை. அவன் வாயிலிருந்து வந்த வேடிக்கை ஒன்று தரையில் விழுந்து அப்படியே கிடந்தது அதுதான் முதல் தடவை.

லூர்துமேரி இறங்கி டிரைவரிடம் வந்தாள். "அய்யா, சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள திண்டிவனம் போயிடுவமா?"

"போனா போவோம்மா."

அவள் கோதண்டபாணி பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்கண்ணே."

"அங்க இன்னாம்மா அவசரம்?"

"எம் பொண்ணு இருதயமேரி, சிஸ்டருங்க போர்டிங்ல படிக்குது. மாசத்துல ஒரு சனிக்கெழமதான் பாக்க வுடுவாங்க. ஜெபத்துக்கு மணி அடிச்சா கேட்டு சாத்திடுவாங்க. போன மாசம் நம்ப வண்டி ஓடல. கொழந்த கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்திச்சாம்."

மடியிலிருந்த துணி மூட்டையை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கேப்பை அடை, ஆறிப்போகாமல் இலைக்குள் சுற்றிக் கட்டியது.

போன மாதம் வண்டி ஓடாத சனிக்கிழமை கோதண்டபாணிக்கு நன்றாக நினைவிருந்தது. கரி நனைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் பஸ் கொட்டகையில் படுத்துத் தூங்கிய நாள். கரி நனைந்தது உண்மைதான். கொஞ்சம் உலர்த்தியிருக்கலாம் என்பதும் உண்மைதான்.

அவன் மற்றவர்களைப் பார்த்தான். பெரியவர் கையில் மருந்துச் சீசா. ஒரு புது மாப்பிள்ளை, சட்டை கசங்காமல் இருக்கப் பஸ்ஸிலும் சாயாமல் வந்தவன், இப்போதும் மரத்தில் சாயாமல் நின்றான். ஒரு பெண்பிள்ளை பூக்கூடைக்கு ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். எல்லாரும் எங்கேயோ, எதற்கோ போகிறவர்கள். இத்தனை நாளும் இவர்கள் தன் பேச்சைக் கேட்க வந்த கூட்டம் என்று அவன் நினைத்திருந்தான். தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. ஆனால் அதைச் சொல்லிக் காட்ட ஆள் தேடவில்லை.

"அண்ணே, என்ன வேலைய வுட்டு அனுப்பிடுவியா?" என்றான் வெங்கடாசலத்திடம். கிளீனரை வைப்பதும் எடுப்பதும் டிரைவர் கையில்தான். முதலாளி அதில் தலையிடுவதில்லை.

"பாக்கலாம்."

கோதண்டபாணிக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ வேலைகள் போயிருக்கின்றன. ஒன்று போய்விடுமோ என்று பயந்தது இப்போதுதான். அதுவும் போயும் போயும் இந்தக் கரிப்பீப்பாய்க்கு!

"சரி, இப்ப இன்னா பண்ணணும், அதச் சொல்லு."

"வாயு வடிகட்டற பொட்டியில மல்லாட்டை எண்ண எறங்கிக்கிச்சி. உள்ள இருக்கற தேங்கா நாரு நொச நொசன்னு ஊறிப்போச்சி. புது நாரு போட்டா ஓடும்."

"நிச்சயமா ஓடுமா?"

"ஓடுனா ஓடும்."

கோதண்டபாணி கூரைமேல் ஏறினான். மூட்டைகளைக் கட்டியிருந்த தேங்காய்நார்க் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டான். "எல்லாரும் ஒரு தபா எனக்கோசரம் இந்தக் கயித்தப் பிரிங்க. பஞ்சு மாதிரி பிரிக்கணும். நானே பிரிச்சா பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவோம்."

முதலில் லூர்துமேரி ஒரு துண்டை எடுத்தாள். பிறகு பெரியவர். மாப்பிள்ளை தயங்கினான், பூக்காரி தன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "மாமனார் வூட்டுக்குத்தான போற? நாரு உரிக்கத் தெரியும்னு சொன்னா மருவாதியாத்தான் இருக்கும், குந்து" என்றாள். புளியமரத்தடியில் பஸ்ஸே உட்கார்ந்து கயிறு பிரித்தது.

கோதண்டபாணி பீப்பாய்க்குள் கம்பியை விட்டு உள்ளேயிருந்ததையெல்லாம் வெளியே வாரித் தள்ளினான். அடியில் இருந்தது தாராய் உருகிப் போயிருந்தது. மேலே இருந்தது மட்டும் பதமாக வறுபட்டிருந்தது. அதை ஒரு சாக்கில் வாரி வீரம்மாள் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

வீரம்மாள் ஒன்றை உடைத்துப் பார்த்தாள். "வெதைக்கு ஆவாது" என்றாள். இன்னொன்றை உடைத்து வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னாள்: "வாயிக்கு ஆவும். ஏன் பாத்துக்கினே கீறீங்க? ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் துன்னுங்க. நார் பிரிக்கற கைக்குத் தெம்பு வாணாமா?"

"யம்மா, கூட்டேரிப்பட்டுல எங்க வூடு இருக்குது" என்றான் அவன். "வூட்ல வெதை வச்சிருக்கா. கேட்டு வாங்கித் தர்றேன்."

"உம் பொண்டாட்டி குடுப்பாளா?"

வெங்கடாசலத்தின் வாயில் வருகிற பதில்தான் அவன் வாயிலும் வந்தது. "பாக்கலாம்."

பெட்டிக்குப் புது நார் அடைத்தார்கள். பீப்பாயில் கரி கொட்டினார்கள். இந்தத் தடவை கோதண்டபாணி குனிந்து, மூட்டைக்குள் கையை விட்டு, கரியா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் கொட்டினான். நெருப்பு மூட்டிச் சக்கரத்தைப் பிடித்தான். சுற்றினான். புகை கண்ணில் ஏறியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் மூச்சு போகும், மூச்சு போனால் சக்கரம் தளரும், சக்கரம் தளர்ந்தால் ஒரு கேட்டு சாத்திவிடும். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு வந்து, "நவுருங்க, நான் கொஞ்சம் சுத்தறேன்" என்றான். கோதண்டபாணி நகரவில்லை.

எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு, கோபம் தணிந்த மாமியார் மாதிரி, முணுமுணுத்துக்கொண்டே ஓடத் தொடங்கியது. ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டல் மேல் அவனுக்கு எப்போதுமே ஒரு பசி உண்டு, ஆனால் அன்று அதைக் காதில் வாங்கிக்கொள்ள நேரமில்லாமல், "ஏறுங்க, ஏறுங்க, ஜல்தி!" என்று கத்தினான்.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் ரோட்டைத் தாண்டி ஓடினான். தையல்நாயகி வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். மூஞ்சியெல்லாம் கரியோடு நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாய்யா? இந்த வேலையும் போச்சா?"

"போவல. போனாலும் போவும். தையலு, நம்ப வெதை மல்லாட்டைல பாதி குடு."

"எதுக்கு?"

சொன்னான். எங்கும் நிறுத்தி நடித்துக் காட்டாமல், தும்மல், விக்கல், வேஷம் எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னான். தையல்நாயகி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா வெதைக்கலன்னா நெலம் போயிடும். அந்த லூர்துமேரிக்கு மணி அடிக்கறதுக்குள்ள போவணும். நிக்க நேரமில்ல. திட்டறதுன்னா சாயங்காலம் வந்து குந்திக்கினு திட்டு வாங்கறேன். இப்ப குடு."

அவள் அவனையே பார்த்தாள். "அந்த மண்டிக்காரு உன்னத் தொரத்துனப்ப சிரிச்சிக்கினு வந்து நின்ன. சோடாக் கடைய மூடனப்பவும் சிரிச்சிக்கினுதான் வந்த. இப்ப இன்னாத்துக்குய்யா கண்ணு கலங்குது?"

"புகை."

"புகைதான்" என்றாள் அவள். உள்ளே போய் மூட்டையைத் தானே இழுத்துவந்தாள். "பாதி நெலத்துல நான் கேப்பை வுட்டுக்கறேன். வா, ஒரு பக்கம் புடி."

பஸ்ஸருகே வீரம்மாள் மூட்டைக்குள் கையை விட்டு மணிகளை உருட்டிப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "நல்ல வெதை தாயி. வெளஞ்சா மொத மூட்டை உன் வூட்டு வாசல்ல எறக்கறேன்."

"எறக்கு. ஆனா இந்த ஆளு கையில குடுத்து வுடாத" என்றாள் தையல்நாயகி. பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்தவர் வாயில் தன் பேர் அடிபட்டு ஜனங்கள் சிரிப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று கோதண்டபாணிக்கு அதற்கு முன் தெரியாது.

திண்டிவனத்துக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வெங்கடாசலம் பஸ் நிற்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டிய முக்கில் திரும்பவில்லை. "வண்டி எங்கண்ணே போவுது?" என்று அரங்கநாதன் கத்தியதற்கும் பதில் இல்லை. சிஸ்டர்மார்கள் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு எதிரே போய்த்தான் நிறுத்தினார்.

மணி அடிக்கத் தொடங்கியது. கேட்டுக் கதவில் கை வைத்திருந்த சிஸ்டர், தன் எதிரே ஒரு பஸ்ஸே புகை கக்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்துக் கையை எடுத்தார். லூர்துமேரி துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். உள்ளேயிருந்து ஒரு ரெட்டைச் சடை ஓடிவந்தது. சிஸ்டர் மணி அடித்த திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளையும் தாயையும் பார்த்தார். வேறு வேலை இருப்பவர் போலச் செம்பருத்திச் செடிப் பக்கம் நடந்து போய்விட்டார்.

குழந்தை அடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே ஏதோ சொல்லிற்று. தாயும் அதே நேரத்தில் ஏதோ சொன்னாள். ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்டிருக்காது. லூர்துமேரி தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது கோதண்டபாணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் யாரும் "நேரமாச்சு" என்று முணுமுணுக்கவில்லை. பெரியவர் மருந்துச் சீசாவை எடுத்துக்கொண்டு, "எங்க வூடு இங்கேருந்து கிட்டதான்" என்று இறங்கிக்கொண்டார். வீரம்மாள் மூட்டைகளைத் தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, "வர்றேம்பா. அடுத்த தபா நான் ஏறும்போது நீ என் பக்கத்துல வராத" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் கோதண்டபாணி கையில் ஒரு பிடி வறுத்த மல்லாட்டையைத் திணித்துவிட்டுப் போனாள்.

வண்டி காலியாயிற்று. வெங்கடாசலம் படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். கோதண்டபாணி எதிரே வந்து நின்றான். கை எரிந்தது. பிறப்பு எதற்கு என்று மலையடிவரை போய்க் கேட்டவனுக்கு, அந்தக் கேள்வி எப்படியோ சுருங்கிச் சுருங்கி, மூன்று வார்த்தைக்குள் அடங்கிவிட்டிருந்தது.

"அண்ணே, நாளைக்கு நான் வரணுமா?"

வெங்கடாசலம் வானத்தைப் பார்த்தார். "மேகம் கட்டிக்கினு வருது."

"மேகத்தக் கேக்கல."

"அரங்கநாதன் இன்னா சொல்றானோ..."

"அவன் இன்னா சொல்றான்? உன்னத்தான் கேக்கறேன். மத்தவங்க யாருன்னாலும் நான் சிரிச்சிக்கினு போயிடுவேன்ணே. இந்த வேலைய வுட்டு என்னால போவ முடியாது போலருக்குது. எனக்கே இது பேஜாரா இருக்குது. வரணும்னா வரணும்னு சொல்லு, வாணாம்னா வாணாம்னு சொல்லு. 'பாக்கலாம்'னு மட்டும் சொல்லாத."

வெங்கடாசலம் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். அவனுடைய தோல் உரிந்த உள்ளங்கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"வரணும்" என்றார். "நீ இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."